சுவெட்டர் இல்லாமல் சென் கிளேயருக்கு

முதல் நாள்: யாழ்ப்பாணம் – நுவரெலியா

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிக்கொண்டே விடியப்புறம் மூன்றரைக்கு அம்மா ஒரு கம்பளித் தொப்பியை என் கையில் திணித்தா. காதை மூடி, நாடிக்குக் கீழே முடிச்சுப் போடுகிற தொப்பி. நாற்பத்திரண்டு வயது ஆள் அதைப் போட்டுக்கொண்டு கூட்டாளிமாருக்கு முன்னால் போய் நிற்கிறதா? அவ திரும்பின நேரம் பார்த்து வாசல் கதிரையில் வைத்துவிட்டு வானில் ஏறினேன். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அந்தத் தொப்பிக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்டாலும் கொடுப்பேன்.

போவது நாலு பேர். உயர்தரம் ஒன்றாகப் படித்தவர்கள். மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் படிப்பிக்கிறவன். ஓவசியருக்கு அணைக்கட்டு, வாய்க்கால் என்று அரசாங்க வேலை. உண்மையில் அவன் ஓவசியர் இல்லை, அதைவிடப் பெரிய பதவி. அப்பா ஓவசியராக இருந்ததால் பட்டம் ஒட்டிக்கொண்டது. மற்றவன் கனடா. பொங்கலுக்கு ஸ்காபரோவிலிருந்து வந்தவன். "நயாகராவை இருபது தரம் பாத்திட்டன். வாற சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறதே வேலை. எங்கடை நாட்டில ஒரு நீர்வீழ்ச்சியும் ஒழுங்காப் பாக்கேல்லை" என்று தொடக்கியவன் அவன்தான். சென் கிளேயரை இலங்கையின் குட்டி நயாகரா என்பார்கள் என்று ஓவசியர் எடுத்துவிட, அதோடு முடிவாகிவிட்டது.

நீர்வீழ்ச்சி என்றால் எங்களுக்கு எப்போதும் ஒரு மயக்கம். குடாநாட்டில் ஆறு இல்லை. மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான் பேருக்கு. மலையும் இல்லை. கீரிமலையில்கூட மலை இல்லை. தண்ணி என்றால் எங்களுக்குக் கீழேயிருந்து மேலே இழுக்கிற சாமான்: முதலில் துலா, பிறகு கப்பி, பிறகு மோட்டர். மேலேயிருந்து சும்மா விழுகிற தண்ணியைப் பார்க்க நானூறு கிலோமீற்றர் போவதில் நியாயம் இருக்கிறது.

வான் எங்கள் வழக்கமான றைவர் அண்ணையுடையது. கிளிநொச்சிக்காரர். ஐந்தாறு வருடமாகக் கலியாண வீடு, செத்த வீடு, ஆசுப்பத்திரி, விமான நிலையம் என்று எங்கள் எல்லாருடைய வீட்டு ஓட்டமும் அவர்தான். அதிகம் கதைக்கமாட்டார். அதனாலேயே எங்களுக்குப் பிடித்தவர்.

ஆனையிறவு இருட்டில் போனது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினோம். வவுனியாவில் இடியப்பமும் சொதியும். தம்புள்ளை வரைக்கும் கனடா "வெக்கை, வெக்கை" என்று ஏசியைக் கூட்டச் சொல்லிக்கொண்டு வந்தான். "குளிரை எனக்கு விடுங்கோடா. மைனஸ் இருபதில காருக்கு மேல கிடந்த பனியை வழிச்சு எறிஞ்சவன்." அவன் பையில் இருந்தவை ஆறு அரைக்கை ரீசேட், இரண்டு காற்சட்டை, ஒரு சாரம். ஜக்கற் எல்லாம் ஸ்காபரோவில், அலுமாரிக்குள்.

மாத்தளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். வெள்ளைக்காரர் தேயிலை, கோப்பித் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆள் பிடித்த காலத்தில் சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியால் மாத்தளை வரைக்கும் கால்நடையாக வந்தது என்று மாஸ்டர் தொடங்கினான். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பற்றியும் சொன்னான். றைவர் அண்ணை கிளாசை மேசையில் வைத்துவிட்டு, "ஓம் தம்பி, நடந்துதான் வந்தவை" என்றார். வழக்கம்போல அவ்வளவுதான்.

கண்டி நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் போனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கம்பளை, புசல்லாவை தாண்டியதும் வான் உறுமத் தொடங்கியது. இறம்பொடையில் வீதிப் பாலம் நீர்வீழ்ச்சியை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. மேலே ஒரு துண்டு, காலுக்குக் கீழே ஒரு துண்டு. முழு உயரம் 109 மீற்றர். இறங்கிப் பார்த்தோம், படம் எடுத்தோம். ஆனால் எனக்கு அந்த இடத்தில் நீர்வீழ்ச்சியைவிடப் பிடித்தது ஒரு பூக்காரப் பெடியன். வளைவில் நின்று பூக்கட்டை நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினோம். அடுத்த வளைவில் அதே பெடியன், அதே பூ! வான் சுற்றிச் சுற்றி ஏற, அவன் தேயிலைக்குள்ளால் குறுக்கே ஏறி ஓடி வந்து நிற்கிறான். மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். கனடா கண்ணாடியை இறக்கிக் காசைக் கொடுத்தான். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் குளிர் முதன்முதலாக உள்ளே வந்தது. யாரும் ஏசியை நிற்பாட்டச் சொல்லவில்லை. றைவர் அண்ணை தானாகவே நிற்பாட்டினார்.

தங்குமிடத்தில் சுடுதண்ணி வருமென்று தொலைபேசியில் சொன்னவர்கள், வந்து சேர்ந்த பிறகு நாளைக்கு வரும் என்கிறார்கள். நாலு பேருக்கு நாலு கம்பளி. கட்டிலில் படுத்தால் மெத்தை நனைந்த மாதிரி இருக்கிறது. கையால் தடவினால் நனையவில்லை, குளிர்தான். இரவு ஒன்பது மணி. கனடா இரண்டு ரீசேட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, சாரத்தைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிக் கிடக்கிறான்.

"டேய், மைனஸ் இருபது?" என்றேன்.

"அங்கை குளிர் வீட்டுக்கு வெளியிலயடா. உள்ளுக்கை பெனியனோட இருப்பம். இஞ்சை உள்ளுக்கையும் குளிர். இது அநியாயம்."

மாஸ்டர் இன்னும் விளக்கம் தொடங்கவில்லை. பற்கள் அடித்துக்கொள்வதால் இருக்கலாம்.

இரண்டாம் நாள்: நுவரெலியா

நித்திரை இல்லை. ஐந்தரைக்கு வெளியே ஏதோ சுரண்டுகிற சத்தம். கம்பளியோடு போய்ப் பார்த்தேன். வானின் முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. வீபூதி பூசினதுபோல மெல்லிய, சொரசொரப்பான வெள்ளை. றைவர் அண்ணை ஒரு சருவத்தில் ஆவி பறக்கிற தண்ணியோடு நிற்கிறார், ஊற்றுவதற்கு. பின்னாலிருந்து ஒரு சத்தம்: "அண்ணை! ஊத்தாதேங்கோ! கண்ணாடி வெடிச்சுப் போகும்!"

சாரம் கட்டின தலையோடு கனடா ஓடிவந்தான். காற்சட்டைப் பையிலிருந்து பேர்சை எடுத்து, அதிலிருந்து ஒன்றாரியோவில் கார் ஓட்டுகிற லைசன்ஸ் அட்டையை உருவி, கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கினான். அட்டையின் ஓரத்தில் பனி பூவாகச் சுருண்டு சுருண்டு விழுந்தது. ஒரு மூலையிலிருந்து தொடங்கி வரிவரியாக, ஒரு இடமும் விடாமல், வயல் உழுகிறவனைப் போல. முடித்துவிட்டு அட்டையைச் சாரத்தில் துடைத்து, விரல்களை வாய்க்குள் வைத்து ஊதினான். இருபது வருடத்தில் இவன் அங்கே எத்தனை விடியற்காலை இப்படி நின்றிருப்பான் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. படங்களில் அனுப்புவதெல்லாம் பிறந்தநாள் கேக்குகள்தானே.

அது உறைபனி. தொலைபேசி காட்டியது காற்றின் 4 பாகை; கண்ணாடியும் புல்லும் அதைவிடக் குளிர்ந்து உறைந்துவிட்டன. நுவரெலியா குளிர் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் தேத்தண்ணிக் கடைக்காரரே, "இந்தக் குளிரு இந்த வருசத்துக்கு இப்பதான் சார்" என்று கையை அடுப்பில் காய்ச்சிக்கொண்டு நின்றார். நகரத்துப் பள்ளத்துப் புல்வெளியில் கால் வைக்க அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

தேத்தண்ணி உள்ளே போனதும் மாஸ்டருக்கு உயிர் வந்தது. உயரம் 100 மீற்றர் ஏற ஏற ஏறக்குறைய 0.6 பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர். அப்படியென்றால் கடற்கரை ஊரைவிடப் பதினொரு பாகை குறைவு. "மிச்சம் எங்கையடா போச்சு?" என்று ஓவசியர் மடக்கினான். மிச்சம் மேகத்தில். மாரி முடிந்து தையில் வானம் துடைத்த மாதிரி இருக்கும். மேகம் என்பது ஊருக்குப் போர்த்த கம்பளி. அது இல்லாத இரவில் நிலத்துச் சூடு முழுக்க மேலே ஓடிப்போகும். காற்றும் அசையாவிட்டால், குளிர்ந்த காற்று பாரம் கூடித் தண்ணிபோலச் சரிவால் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டை விட்டுப் பள்ளம் முதலில் உறைகிறது. பள்ளத்தில் நிற்கிற தேயிலைக் கொழுந்துதான் முதலில் கருகுகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாவம், இவனிடம் இதைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். விறைத்துக்கொண்டு நின்று கேட்டால் ஒரே தரத்தில் மனதில் நிற்கும்.

பிறகு உடுப்புக் கடைகள். பஸ் நிலையப் பக்கம் வரிசையாகக் குளிர் உடுப்புகள் தொங்குகின்றன. வெளிநாட்டுக்குத் தைத்ததில் மிஞ்சினவை, பழசு, புதுசு எல்லாம் கலந்து. பேரம் பேசுகிற நிலையில் நாங்கள் இல்லை என்பதைக் கடைக்காரர் எங்கள் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். ஓவசியருக்கு ஒரு பொம்பிளை ஜக்கற்தான் அளவாக வந்தது, இடுப்பில் பட்டி. கட்டாயம் படம் எடுத்து வைத்திருக்கிறோம். நான் ஒரு தொப்பி வாங்கினேன். காதை மூடுகிற தொப்பி.

மத்தியானம் கிரகரி வாவி. குளம் என்றால் இரணைமடுவைப் பார்த்த கண்ணுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. படகு, குதிரை, ஸ்ட்ரோபெரி. எல்லாம் உல்லாசப் பயணி விலை. இன்றைக்கு இவ்வளவு போதும்.

மூன்றாம் நாள்: தலவாக்கலை, சென் கிளேயர்

நானுஓயா, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கினோம். விடிந்தும் விடியாத நேரம். சரிவெல்லாம் தேயிலை. அதற்குள் தலையில் கயிறு மாட்டிக் கூடையைப் பின்னால் தொங்கவிட்ட பெண்கள் நிரையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். இடுப்பைச் சுற்றிப் படங்கு. பனியில் நனைந்த செடி இடுப்புக்குக் கீழே உரசிக்கொண்டே இருக்கும்; படங்கு இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் சேலை தொப்பையாக நனைந்துவிடும். ஜக்கற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தோம். வெளியே ஒருத்தரும் ஜக்கற் போட்டிருக்கவில்லை. சேலைக்கு மேலே ஆம்பிளைச் சேட்டு, தலையில் துணி.

நகரத்துக்குள் வந்ததும் ஓவசியர் முன் சீற்றுக்குப் பாய்ந்தான். மேல் கொத்மலை அணை. ஊருக்கு நடுவிலேயே நிற்கிறது, வீதியிலிருந்தே பார்க்கலாம். கொத்மலை ஓயாவை இங்கே மறித்து, மலைக்குள்ளால் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் விட்டு, கீழே விழுத்தி மின்சாரம் எடுக்கிறார்கள். 150 மெகாவாட். 2012இல் ஓடத் தொடங்கியது. "அப்ப சென் கிளேயருக்கு வாற தண்ணி?" என்று கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. "போய்ப் பாப்பம்" என்றான்.

அந்த நேரம்தான் றைவர் அண்ணை வானை ஓரங்கட்டி நிறுத்தினார். அணைக்கட்டைப் பார்க்கத்தான் நிறுத்தினார் என்று நினைத்தோம். அவர் எதிர்ப்பக்கச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா பிறந்த தோட்டம் உந்தப் பக்கம்தான் தம்பி. 77இல தமிழரை அடிச்ச கலவரத்தோட வெளிக்கிட்டவை. நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

வானுக்குள் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து ஆளுக்கு ஒரு வியாதி உண்டு: யாரைக் கண்டாலும் முதற்கேள்வி "எவடம்?", இரண்டாவது "ஆற்றை பிள்ளை?" ஐந்து நிமிடத்தில் மூன்று தலைமுறையைத் தோண்டிவிடுவோம். இந்த மனிசனோடு ஐந்தாறு வருடமாக ஊர் ஊராகத் திரிகிறோம். கிளிநொச்சி என்றதோடு விட்டுவிட்டோம். அதற்கு மேலே கேட்க வேண்டுமென்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பது எனக்குத் தெரியும். மாத்தளையில் மாஸ்டர் சரித்திரம் சொன்னபோது இவர் "ஓம், நடந்துதான் வந்தவை" என்றாரே, அதுவும் இப்போதுதான் காதில் விழுந்தது.

சென் கிளேயர் தலவாக்கலையிலிருந்து அற்றன் போகிற வீதியில், மூன்று கிலோமீற்றர். பார்க்கிற இடத்தில் இறங்கினோம். பள்ளத்தாக்குக்கு அங்காலே அகலமான கரும்பாறை, 80 மீற்றர் உயரம். அதில் தண்ணி… கனடா கையைக் கண்ணுக்கு மேலே வைத்துத் தேடினான். பாறையில் நாலைந்து வெள்ளைக் கோடு. கறுப்புச் சேட்டில் கஞ்சி வழிந்த மாதிரி. இலங்கையிலேயே அகலமான நீர்வீழ்ச்சி என்று படித்துவிட்டு வந்தது.

"இதுதானோ குட்டி நயாகரா?"

"பொறு" என்றான் ஓவசியர். தண்ணி முழுக்கச் சுரங்கத்துக்குள் போகாமல், பகலில் இத்தனை மணித்தியாலம் நீர்வீழ்ச்சிக்கும் விடவேண்டும் என்பது அணை கட்டும்போது செய்த ஏற்பாடு. நீர்வீழ்ச்சி செத்துவிடும் என்று ஊர்ச் சனமும் சூழல்காரரும் வருடக்கணக்காகப் போராடியதால் வந்த ஏற்பாடு. "நாங்கள் வெள்ளெனவா வந்திட்டம். இன்னும் திறக்கேல்லை."

"நீர்வீழ்ச்சிக்குக் கடை திறக்கிற நேரம் இருக்கோ?" என்று நான் சிரித்தேன். கனடா சிரிக்கவில்லை. "நயாகராவிலயும் அப்பிடித்தான்" என்றான். கனடாவும் அமெரிக்காவும் 1950இல் செய்த உடன்படிக்கை: உல்லாசப் பயணிகள் வருகிற காலத்தில், பகலில் இவ்வளவு தண்ணி கட்டாயம் விழவேண்டும், இரவில் அதில் பாதி விட்டால் காணும். மிச்சம் மின்சாரத்துக்கு. இருபது தரம் பார்த்தவன் இதை இதுவரை எங்களுக்குச் சொன்னதே இல்லை. "சொந்தக்காரருக்குச் சொன்னால் மனம் விட்டுப்போகும்" என்றான்.

றைவர் அண்ணை கொஞ்சம் தள்ளி, மதிலோரம் நின்று தாயோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டி விட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. எங்களோடு கதைக்கும்போது எங்கள் பேச்சு. தாயோடு வேறு பேச்சு.

"அம்மா, கேக்குதா?"

"என்னாடா எரைச்சல்? மழையா?"

"மழை இல்லம்மா. சென் கிளேரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "இம்புட்டுத்தானா? போன கிட்டத்துல புடி" என்றா அந்த அம்மா. அவர் தொலைபேசியை மதிலுக்கு வெளியே எட்டிப் பிடித்தார். "எங்க லயத்துல கதவச் சாத்திப் படுத்தாக்கூட கேக்குமேடா. மழ நாள்ல பேசுறதே கேக்காது. வேற எடத்துக்குப் போயிட்டியோ?"

"இல்லம்மா. இதான்."

"அது இல்ல" என்று அவ உறுதியாகச் சொன்னா.

பக்கத்துக் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம். இரண்டாவது கிளாசும் முடிந்து, வெயில் பாறையின் தோளில் ஏறிய நேரம், கோடுகள் தடித்தன. முதலில் நடுவில் இரண்டு கோடு ஒட்டிக்கொண்டது. பிறகு பாறையின் வலது ஓரத்தில், அதுவரை காய்ந்து கிடந்த இடத்தில், ஈரம் மினுங்கியது. மினுங்கின இடம் வெள்ளையானது. திரையை இழுத்து விடுகிற மாதிரி ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் வெள்ளை பரவியது. சத்தம் கடைசியாகத்தான் வந்தது. பார்த்து முடித்த பிறகு, காதுக்குள் மெல்லக் கூடிக்கொண்டே போய், மாஸ்டர் வாயை அசைப்பது மட்டும் தெரிகிற அளவுக்கு. பாறை படிபடியாக இருப்பதால் தண்ணி ஒரேயடியாக விழவில்லை. ஒவ்வொரு படியிலும் தட்டுப்பட்டு, பஞ்சாகச் சிதறி, திரும்பக் கூடி விழுகிறது. தூவானம் பள்ளத்தாக்கைத் தாண்டி வராது என்று நினைக்கிறேன். ஆனால் முகம் ஈரமாகத்தான் இருந்தது; அது பனியாகவும் இருக்கலாம்.

"இவ்வளவு தண்ணி" என்றான் ஓவசியர். வேறு ஒன்றும் வரவில்லை அவனுக்கு. கோடையில் கிணற்றின் அடிமட்டம் பார்த்து, உப்பு ஏறிவிட்டதோ என்று நக்கிப் பார்க்கிற ஊரில் பிறந்தவன் வேறு என்ன சொல்வான்?

றைவர் அண்ணை திரும்ப அழைத்தார். பேரப்பிள்ளை எடுத்தது. அப்பாச்சி ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்விட்டாவாம். அவர் தொலைபேசியை வானின் கூரையில் சாய்த்து வைத்து, இரண்டு நிமிடத்துக்குச் சத்தத்தைப் பதிவு செய்தார். அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் இருமலையும் அடக்கிக்கொண்டு நின்றோம்.

டெவோன் நீர்வீழ்ச்சியும் அதே வீதியில் கிட்டத்தில்தான். 97 மீற்றர். ஒரு காலத்தில் பக்கத்தில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரரின் பேராம். ஒல்லியாக, நெட்டையாக, பச்சைக்கு நடுவில் வடிவாகத்தான் விழுகிறது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு நீர்வீழ்ச்சி காணும். அடுத்தது பாவம், மிச்சக் கண்ணால்தான் பார்க்கப்படும்.

தோட்டத்துக்குப் போனோம். பேர் வேண்டாம். றைவர் அண்ணை தாய் சொன்ன அடையாளம் கேட்டுக் கேட்டு நடந்தார்: மாரியம்மன் கோயில், அதற்கு மேலே லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகள். கோயில் இருந்தது, புதிதாகப் பூச்சுப் பூசியிருந்தது. லயம் எதுவென்று பிடிபடவில்லை. வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு கிழவர், "எந்தூருங்க?" என்றார். யாழ்ப்பாணம் என்றோம். "அம்புட்டுத் தூரத்துலேருந்து இந்தக் குளிருக்கா வந்தீங்க?" என்று சிரித்தார். தையில் கொழுந்து வளராதாம். கிலோ நிரம்பாவிட்டால் அரைப்பேர்தானாம். பேர் என்றால் ஒரு நாட் சம்பளம். அரைப்பேர் என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், நாங்கள் "பஸ் பிந்திட்டுது" என்று சொல்கிற மாதிரி. றைவர் அண்ணை தன் தாத்தாவின் பேரைச் சொன்னார். கிழவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "போனவங்க நெறையப் பேரு தம்பி" என்றார்.

திரும்புகிற வழியில் பாதையோரம் ஒரு பீலி. பாறையில் மூங்கிலைச் செருகி, தண்ணி முழங்கைத் தடிப்பில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக ஒருவரும் குளிக்கவில்லை. குளிக்கப்போகிறவனுக்கு ஒரு போத்தல் சாராயம் என்று ஓவசியர் பந்தயம் கட்டினான். சாராயத்துக்காக இல்லை, யாழ்ப்பாணத்தான் குளிக்காமல் திரும்பினான் என்று பேர் வரக்கூடாதே. சாரத்தைக் கட்டிக்கொண்டு தலையைக் கொடுத்தேன்.

அது தண்ணி இல்லை. உச்சியில் ஆணி. மூச்சு உள்ளே போனது, வெளியே வர மறந்துவிட்டது. நான் போட்ட சத்தத்துக்கு மேலே லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்து, வரிசையாக நின்று, கைகொட்டிச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் அது நினைவுக்கு வந்தது. நான் சின்னனாக இருக்கும்போது அம்மம்மா வீட்டில் வேலைக்கு ஒரு பிள்ளை நின்றது. மலைநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்டது. பதினொரு, பன்னிரண்டு வயது இருக்கும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகள் பலதில் அப்படிப் பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்தருக்கும் அது பிழையாகப் படவில்லை. வந்த மறுநாள் விடியப்புறம் கிணற்றடியில் முதல் வாளியைத் தலையில் ஊற்றியதும் அந்தப் பிள்ளை, "ஐயோ, தண்ணி சுடுது!" என்று கத்திக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்ததாம். தை மாதத்துக் கிணற்றுத் தண்ணி சுடுகிறதாம்! வீடே சிரித்தது. வருகிற ஆட்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், வருடக்கணக்காக. அந்தப் பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டே.

துவாயால் துடைத்தும் நடுக்கம் நிற்கவில்லை. கிழவர் வீட்டிலிருந்து யாரோ சாயத்தண்ணி கொடுத்தனுப்பினார்கள், இஞ்சி தட்டிப் போட்டது.

நாலாம் நாள்: திரும்பி

ஒரே ஓட்டம். மாத்தளையில் ஜக்கற் கழன்றது, தம்புள்ளையில் தொப்பி. மதவாச்சியில் ஏசி போட்டோம். கனடா மட்டும் கழற்ற மாட்டேன் என்றான். விமான நிலையம் வரைக்கும் இதோடுதான் போவானாம்.

கிளிநொச்சியில் றைவர் அண்ணை வீட்டில் இறங்கினோம். ஐந்தாறு வருடத்தில் முதல் தரம். முற்றத்தில் ஆடு, பூவரசம் வேலி, தகரக் கூரை. அம்மா எங்களை விறாந்தையில் இருத்திவிட்டு, தொலைபேசியை வாங்கிக் காதோடு அழுத்திப் பிடித்தா. கண்ணை மூடவில்லை, வேலியில் ஏறப்போன ஆட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டா. இரண்டு நிமிடமும் முடிந்தது. திரும்பப் போடச் சொன்னா. அதுவும் முடிந்தது.

"இது செரி" என்றா. பிறகு ஓவசியரின் பட்டி வைத்த ஜக்கற்றைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவுக்கு ஏமாத்துனான்?" என்று கேட்டா. விலையைக் கேட்டதும் மகனைத் திரும்பிப் பார்த்தா: "நீ கூடத்தான நின்ன?"

முறிகண்டியிலிருந்து கொண்டுவந்த கச்சான் கிளிநொச்சியிலேயே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வரும்போது இரவு பத்தரை. கம்பளித் தொப்பி இன்னும் வாசல் கதிரையில் இருந்தது. அம்மா அதை எடுக்கவில்லை, வேண்டுமென்றே.

நாலு மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. பழகிவிட்டது போல. வெளியே தைப்பனி, மாவிலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மோட்டர் போட்டால் எல்லாரும் எழும்புவார்கள் என்று கப்பியில் வாளியை விட்டு இழுத்தேன். தலையில் ஊற்றினேன்.

சுட்டது.